அறை வாடகைக்கு விட்ட ஊர்

பாஸ்டன் துறைமுகத்திலிருந்து வேகப்படகில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் பிராவின்ஸ்டவுன். ஊருக்கு முன்னால் கோபுரம்தான் கண்ணில் படும். கருங்கல்லில் எழுப்பிய 252 அடிக் கோபுரம். அது வளர்ந்துகொண்டே வர, அதன் காலடியில் மணல்மேடும் மரவீடுகளும் அப்புறம்தான் மெல்லத் தெரியும். படகின் மேல்தளத்தில் எனக்கு முன்னால் இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பாஸ்டனில் ஏறியதிலிருந்து ஒரு முழம் தள்ளியே நின்றவர்கள். கோபுரம் தெரிந்ததும் ஒருவர் பேசாமல் கையை நீட்டினார், மற்றவர் பிடித்துக்கொண்டார். பாஸ்டன் ஒன்றும் பயப்படவேண்டிய ஊர் இல்லை. ஆனாலும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கையை நீட்டுகிற பழக்கம் எங்களைப் போன்றவர்களுக்கு உடம்பில் ஊறியது. அந்தப் பழக்கம் விட்டுப்போகிற இடம் எது என்று அந்த இருவருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மடக்கிய கை மாதிரிக் கடலுக்குள் நீண்டிருக்கிற நிலம் கேப் காட். அதன் விரல்நுனியில் இருக்கிறது பிராவின்ஸ்டவுன். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி இங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் 3,664 பேர். கோடையில் ஊருக்குள் அறுபதாயிரம் பேர் வரை இருப்பார்கள் என்று சொல்வார்கள். வருகிறவர்களில் பெரும்பகுதி குயர் மக்கள், அதாவது தன்பாலீர்ப்பினர், திருநர் எல்லோரையும் சேர்த்துத் தமிழில் நாம் பால்புதுமையினர் என்று சொல்கிறவர்கள். குடியிருப்பவர்களிலும் அவர்கள் நிறையப் பேர். 2010 கணக்கெடுப்பில், ஆயிரம் வீடுகளுக்கு சுமார் 163 வீடுகள் தன்பாலினத் தம்பதிகளுடையவை. அமெரிக்காவிலேயே மிக அதிக விகிதம் அது.

கடைக்கோடியில் கிடக்கும் ஒரு மீனவ ஊர் எப்படி இப்படி ஆனது? கலைஞர்கள் வந்தார்கள், அவர்களோடு தாராள மனமும் வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கலைஞர்கள் போன ஊர் எல்லாம் இப்படி ஆகிவிடவில்லையே. இந்த ஊரைப் புரிந்துகொள்ள, அறையை வாடகைக்கு விட்டவர்கள் யார், எடுத்தவர்கள் யார் என்று பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம்.

கதை மீனில் தொடங்குகிறது. 1620இல் மேஃப்ளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் முதலில் கால் வைத்தது இந்தக் கரையில்தான். சில வாரங்கள் இருந்துவிட்டு எதிர்க்கரையில் இருக்கும் பிளிமத்துக்குப் போய்விட்டார்கள். அதன் நினைவாகத்தான் அந்தக் கோபுரத்தை 1907இல் தொடங்கி 1910இல் முடித்தார்கள். ஊரை ஊராக ஆக்கியவர்கள் அவர்களுக்கு வெகுகாலம் கழித்து வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் போர்ச்சுக்கல்லிலிருந்தும் திமிங்கில வேட்டைக்கும் காட் மீன் பிடிக்கவும் வந்த குடும்பங்கள். ஆண்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். பெண்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள். சிலர் திரும்பி வரமாட்டார்கள். 1873இல் ரயில் வந்தது. 1898 நவம்பர் புயலில் படகுத்துறைகள் பல அடித்துக்கொண்டு போயின. ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்த மீன்தொழிலுக்கு அது பெரிய அடி. மறு ஆண்டே, 1899இல், சார்லஸ் ஹாதார்ன் என்ற ஓவியர் இங்கே கோடைக்கால ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மாணவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். மீனவப் பெண்களுக்குக் கையில் காசு வேண்டும். மாடி அறை வாடகைக்குப் போனது இப்படித்தான்.

முதல் உலகப்போர் வந்ததும் ஐரோப்பாவுக்குப் போகமுடியாத ஓவியர்களும் எழுத்தாளர்களும் இங்கே குவிந்தார்கள். 1916 கோடையில், பழைய படகுத்துறைக் கொட்டகை ஒன்றில் யூஜின் ஓ'நீலின் நாடகம் முதன்முதலாக மேடையேறியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். நாற்பதுகளில் நாடக ஆசிரியர் டென்னஸி வில்லியம்ஸ் கோடைகளை இங்கே கழித்தார். இந்தக் கூட்டத்தோடு, சொந்த ஊரில் மூச்சுவிட முடியாத ஆண்களும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களுக்கு அறை கொடுத்தவர்கள் யார் என்பதுதான் என்னை நெகிழவைக்கிறது. வரவேற்பறையில் சிலுவை மாட்டி, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கப் பெண்கள் அவர்கள். யாரும் அவர்களுக்கு உரிமைப் பாடம் நடத்தவில்லை. மாடியறையில் இருக்கிற இரண்டு பையன்கள் வாடகையை ஒழுங்காகத் தருகிறார்கள், மழை வந்தால் கொடியில் காயும் துணியை எடுத்து வைக்கிறார்கள், அடுத்த கோடையிலும் வருகிறார்கள். பத்து வருடம் ஒரே அறைக்கு வருகிறவரை எத்தனை நாளைக்கு வேற்றாள் என்று சொல்லமுடியும்? துறைமுகத்தில் இறங்கியதும், தண்ணீருக்குள் நிற்கும் ஒரு பழைய கட்டடத்தின் சுவரில் வயதான போர்ச்சுக்கீசியப் பெண்கள் ஐந்து பேரின் முகங்கள் பிரம்மாண்டமான கறுப்பு வெள்ளைப் படங்களாக இருக்கும். 2003இல் வைத்தவை. சுருக்கம் விழுந்த, சிரிப்பை அடக்கிக்கொண்ட முகங்கள். பயணிகள் முதலில் கேமராவை எடுப்பது கோபுரத்துக்காக. நான் இந்த முகங்களைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று சொல்லமாட்டேன். 1950களின் தொடக்கத்தில் ஊர் நிர்வாகக் குழுவே இந்த 'வேண்டாதவர்களை' விரட்ட உதவுங்கள் என்று ஊரின் 'கண்ணியமான' மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தது. பெண் வேடமிட்டு ஆடும் நிகழ்ச்சிகளுக்குத் தடை போடப் பார்த்தது. ஆனால் ஊரின் பிழைப்பு ஒரு பக்கம் இழுக்கும்போது ஊர் அதிகாரம் எவ்வளவு தூரம் எதிர்ப்பக்கம் இழுக்கமுடியும்? ஜூன் முதல் செப்டம்பர் வரை சம்பாதிப்பதைக் கொண்டுதான் மே வரை சாப்பிடவேண்டும். அந்தக் காசு யாரிடமிருந்து வருகிறது என்று அறை வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

எழுபதுகளில் இன்னொன்று நடந்தது. விருந்தாளியாக வந்தவர்கள் கெஸ்ட் ஹவுஸ்களை விலைக்கு வாங்க ஆரம்பித்தார்கள். 1975இல் திருநர்களுக்கான வாரம் ஒன்று அக்டோபரில் தொடங்கியது. உலகில் இவ்வகையில் மிக நீண்டகாலமாக நடந்துவரும் நிகழ்ச்சி அதுதான் என்பார்கள். பகலில் பெண்ணுடையில் தெருவில் நடந்து காப்பி வாங்கிக் குடிப்பதையே வாழ்நாளில் முதன்முறையாக இங்கே செய்தவர்கள் உண்டு. 1978இல் வணிகர்கள் கூடி, தன்பாலீர்ப்புப் பயணிகளை வெளிப்படையாக அழைக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். 1984இல் பெண் விடுதி உரிமையாளர்கள் பெண்கள் வாரத்தைத் தொடங்கினார்கள். கோடைக்கூட்டம் போனபின் காலியாகக் கிடந்த அறைகளை நிரப்ப எடுத்த முயற்சி அது. இன்றும் அக்டோபரில் நடக்கிறது. ஒரு ஊர் 'உங்களைச் சகித்துக்கொள்கிறோம்' என்பதற்கும், சாவிக்கொத்து உங்கள் கையிலேயே இருப்பதற்கும் உள்ள தூரத்தை இந்த ஊர் அந்தப் பத்தாண்டில் கடந்தது.

பிறகு எய்ட்ஸ் வந்தது.

பெரிய நகரங்களில் வேலை போய், வீடு போய், பெற்ற தாய் தகப்பனே கதவைச் சாத்திய இளைஞர்கள் பலர், தாங்கள் சந்தோஷமாக இருந்த ஊர் என்று நினைவில் இருந்த இந்த ஊருக்கு வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஐம்பது மைல் தள்ளி ஹயானிஸில். சிறப்பு மருத்துவத்துக்கு பாஸ்டன்வரை போகவேண்டும். 1983லேயே இங்கே எய்ட்ஸ் உதவிக்குழு தொடங்கிவிட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஊரின் நர்ஸாக இருந்த ஆலிஸ் ஃபோலி. தன்னார்வலர்கள் தங்கள் காரில் நோயாளிகளை பாஸ்டனுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார்கள். சமைத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்கள், மாற்றி மாற்றிக் கண்விழித்தார்கள். சாகப்போகிறவருக்கு அறை கொடுப்பது வாடகை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. மற்ற ஊர்களில் அவர்கள் தொட்ட டம்ளரைக்கூடத் தூக்கிப்போட்ட காலம் அது.

நகர மண்டபத்தின் பக்கத்துப் புல்வெளியில் 2018இல் வைத்த நினைவுக்கல் இருக்கிறது. லாரன் யூயிங் என்ற சிற்பி வடித்தது. பெயர்ப்பட்டியல் ஏதும் இல்லை. பெரிய மேசை போல ஒரு கல், அதன் மேற்பரப்பு முழுக்கக் கடல் அலை செதுக்கியிருக்கும். நான் போனபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. செதுக்கிய அலைகளின் பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கி, காற்றுக்கு மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. வயதான ஒருவர் வந்து உள்ளங்கையை அந்த ஈரத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தபால் நிலையம் பக்கம் போனார். தினமும் வருகிறவர் போலிருந்தது.

அந்தக் காலம் இந்த ஊருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. 2021 ஜூலையில் கோடைக்கூட்டத்துக்கு நடுவில் டெல்டா வகைக் கொரோனா இங்கே பரவியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் முதல் அறிக்கை, மாசசூசெட்ஸில் வசிப்பவர்களில் மட்டும் 469 பேருக்குத் தொற்று என்றது. அவர்களில் நூற்றுக்கு 74 பேர் தடுப்பூசி முழுவதும் போட்டவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் மூடிய இடங்களில் முகக்கவசம் அணியவேண்டும் என்று அந்த மையம் அறிவுரையை மாற்றியதற்கு இந்த ஊரின் தகவலும் ஒரு காரணம். அவ்வளவு சீக்கிரம் அது தெரியவந்தது எப்படி? வந்துபோனவர்கள் தாங்களாகவே பரிசோதனை செய்துகொண்டு, யாரோடு இருந்தோம், எங்கே ஆடினோம் என்று மறைக்காமல் சொன்னார்கள். உடம்பைப் பற்றிய உண்மையை வெட்கப்படாமல் சொல்வது உயிரைக் காப்பாற்றும் என்று முந்தைய தலைமுறை சாவுகளுக்கு நடுவே கற்ற பாடம் அது.

கல்யாணம் பற்றியும் சொல்லவேண்டும். 2004 மே 17 முதல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தன்பாலினத் திருமணம் செல்லும். அமெரிக்காவில் முதல் மாநிலம் அதுதான். ஆனால் வெளி மாநிலத்தவர் தங்கள் மாநிலத்தில் செல்லாத திருமணத்தை இங்கே வந்து செய்துகொள்ளமுடியாது என்று 1913ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார் அப்போதைய ஆளுநர் மிட் ராம்னி. வெளியூர் ஜோடிகளுக்கும் உரிமம் தருவோம் என்று நின்ற ஊர்களில் பிராவின்ஸ்டவுனும் ஒன்று. 2008இல் அந்தப் பழைய சட்டம் ரத்தானது. இன்று வெளிநாட்டவர்களும் இங்கே மணம் செய்துகொள்ளலாம். விண்ணப்பித்து மூன்று நாள் காத்திருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. சென்னையில் இறங்கியதும் அந்தச் சான்றிதழ் உங்களுக்கு எந்த உரிமையும் வாங்கித் தராது. தெரிந்தும் வந்து செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, ஒரு பயணியாக இந்த ஊருக்குள் இருப்பது எப்படி இருக்கும்? கமர்ஷியல் தெரு என்று ஒரே ஒரு முக்கியத் தெரு, கடற்கரையை ஒட்டி மூன்று மைல் நீளம். கார் ஒருவழியில் ஆமை வேகத்தில் ஊரும், ஜனங்கள் நடுத்தெருவில் நடப்பார்கள். காலையில் போர்ச்சுக்கீசிய பேக்கரி வாசலில் மலசாடா வாங்க வரிசை. எண்ணெயில் பொரித்து, சர்க்கரையில் புரட்டிய மாவுப் பண்டம் அது. சூடாகத் தின்றால்தான் ருசி. மாலை நாலு மணிக்குக் கடலோர விடுதி ஒன்றின் மரத்தளத்தில் 'டீ டான்ஸ்' என்ற மாலைநேர ஆட்டக்கூட்டம், ஏழு மணிவரை. இரவு ஒரு மணிக்கு மதுக்கடைகள் மூடியதும் எல்லோரும் பீட்சாக் கடை வாசலில் தெருவை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். ஊர் சின்னது என்பதால் காலையில் பார்த்த முகத்தையே மாலையிலும் பார்ப்பீர்கள், மூன்றாம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெரிய நகரத்தின் பாரில் இரவு முழுக்க நின்றாலும் கிடைக்காதது இது.

நம் ஊரில் இரண்டு ஆண்கள் தோளில் கை போட்டு நடந்தால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். சிநேகிதர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். லாட்ஜில் ஓர் அறை கேட்டாலும் கேள்வி வராது. என்னவரும் நானும் வருடக்கணக்கில் அந்த நிழலில்தான் ஒதுங்கியிருந்தோம். நாங்கள் யார் என்று தெரியாதவரைக்கும்தான் அந்த நிழல். பிராவின்ஸ்டவுனில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அம்மா பதிவேட்டில் எங்கள் இரண்டு பெயரையும் எழுதிவிட்டு, "எத்தனை வருஷமா சேர்ந்திருக்கீங்க?" என்று கேட்டார். பதினோரு வருடம் என்றோம். "அப்ப ஒருத்தருக்குக் குறட்டை கட்டாயம் இருக்கும்" என்று மேசை இழுப்பிலிருந்து காதடைப்பான் ஒரு ஜோடி எடுத்து வைத்தார். அவ்வளவுதான். மேலே போய்க் கதவைச் சாத்தியதும் என்னவர் கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குச் சொந்தக்காரர்கள் சாதாரணமாகச் சொல்கிற கேலி அது. எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

எல்லாருக்கும் இந்த ஊர் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பிப் போகவேண்டாம். கோடையில் தெரு முழுக்கப் பெரும்பாலும் வெள்ளை முகங்கள், வசதியுள்ள முகங்கள். சில மாலைகளில் மொத்தக் கூட்டத்திலும் மாநிற உடம்பு நாங்கள் இரண்டு பேர்தான். யாரும் தவறாக நடந்துகொள்ளவில்லை. ஆனாலும் ஒரு கூச்சம் போய் வேறொரு கூச்சம் வந்து உட்கார்ந்தது. வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்றே கோடைத் தொடக்கத்தில் தனியாகச் சில கூடுகைகள் நடக்கின்றன. முதல்முறை போகிறவர்கள் அந்த நாட்களைப் பார்த்துப் போகலாம். திருநர் பயணிகளுக்கு மாநிலச் சட்டம் துணை இருக்கிறது. பொது இடங்களில் பாகுபாடு கூடாது என்ற 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை 2018இல் வாக்கெடுப்புக்கு விட்டபோது மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அதைக் காப்பாற்றினார்கள். ஆனால் விசா வாங்குவதும் விமான நிலையம் கடப்பதும் இந்த ஊரின் கையில் இல்லை.

எப்போது போவது? ஆகஸ்ட் கார்னிவல் வாரம் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அறைக்கு ஒரு இரவுக்கு முந்நூறு டாலர் சாதாரணம், ஒரு வாரம் தங்கினால்தான் கொடுப்போம் என்பார்கள். குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கென்று கோடை நடுவில் ஒரு வாரம் உண்டு. இரண்டு அப்பாக்களோ இரண்டு அம்மாக்களோ உள்ள பிள்ளைகள் தங்களைப் போன்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு ஓடிவிளையாடும் வாரம் அது. நான் சொல்வது செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர். வெயில் இதமாக இருக்கும், வாடகை இறங்கியிருக்கும், கடைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும். மேற்குக் கோடியில் 1911இல் போட்ட கல்லணை ஒன்று லாங் பாயிண்ட் முனையில் முடியும் மணல்திட்டுவரை ஒரு மைலுக்கு மேல் போகிறது. பாறை பாறையாகத் தாண்டி நடக்கவேண்டும். கிளம்பும் முன் கடல் ஏற்ற நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏற்றத்தில் சில இடங்களில் தண்ணீர் கல்லுக்கு மேல் வந்துவிடும். மணல்மேட்டுப் புதர்ப் பக்கம் போனால் இரவில் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

திரும்ப அறைக்கே வருகிறேன். ஏனென்றால் இந்த ஊரின் இன்றைய கஷ்டமும் அதில்தான் இருக்கிறது. ஒரு சின்னத் தனிவீடுகூட இன்று பத்து லட்சம் டாலரைத் தாண்டுகிறது. வாங்குகிறவர்களில் பலர் வருடத்தில் சில வாரம் மட்டும் வருகிறவர்கள். மீதி நாள் வீடு பூட்டிக் கிடக்கும், அல்லது வாரக்கணக்கில் பயணிகளுக்குப் போகும். மீனவக் குடும்பங்களில் பல விற்றுவிட்டுப் போய்விட்டன. ஊரின் உயர்நிலைப் பள்ளி 2013இல் மூடியது. கடைசி வகுப்பில் தேர்ச்சி பெற்று வெளியேறியவர்கள் எட்டுப் பேர். உணவகங்களில் பாத்திரம் தேய்ப்பவர்கள், விடுதியில் படுக்கை விரிப்பவர்களில் நிறையப் பேர் ஜமைக்காவிலிருந்தும் பல்கேரியா போன்ற நாடுகளிலிருந்தும் பருவகால விசாவில் வருகிறவர்கள். ஆண்களுக்கிடையிலான உறவை இன்னும் குற்றமாக வைத்திருக்கும் நாடு ஜமைக்கா. அங்கிருந்து வந்து இங்கே வேலை செய்து, குளிர்காலத்துக்கும் தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஒரே அறையில் நாலைந்து கட்டில் போட்டுப் படுப்பவர்களும் உண்டு.

எண்பதுகளில் சாகக் கிடந்தவனுக்கு அறை கிடைத்த ஊரில், இன்று அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வந்தால் அவளுக்கு வீடு கிடைக்காது. ஊர்மக்கள் இதை உணராமல் இல்லை. ஊர்க்கூட்டங்களில் வருடாவருடம் வீட்டுவசதிதான் பெரிய பேச்சு. பயணி செய்யக்கூடியது கொஞ்சம்தான். முழு வீட்டை வாரத்துக்கு எடுப்பதைவிட, உள்ளூர்க்காரர் தானே தங்கி நடத்தும் கெஸ்ட் ஹவுஸில் அறை எடுக்கலாம். கூட்டம் இல்லாத மாதத்தில் போய் அவர்கள் வருமானத்தை இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். படுக்கை விரிப்பவருக்கு டிப்ஸைத் தாராளமாக வைக்கலாம்.

கிளம்பும் அன்று காலையில் மலசாடா வாங்கப் போனேன். தெருவோர அறிவிப்புப் பலகையில் பெண் வேடமிட்டு ஆடும் டிராக் நிகழ்ச்சிச் சுவரொட்டிகளுக்கு நடுவே, ஒரு காகிதத்தில் கையால் எழுதி நாலு மூலையிலும் குத்தியிருந்தார்கள். மழையில் மை கொஞ்சம் கரைந்திருந்தது. இரண்டு பேர், உள்ளூரில் வேலை, ஏழு வருடமாக இங்கே இருக்கிறோம், ஒரு பூனை உண்டு, ஆண்டு முழுவதும் தங்க ஓர் அறை வேண்டும். கீழே தொலைபேசி எண்ணைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு துண்டுகூட யாரும் கிழித்துக்கொண்டு போயிருக்கவில்லை.